கடற்கரை விளக்குகளை ஆமைக் குஞ்சுகளுக்கு ஆபத்தில்லாமல் மாற்றுவது எப்படி?

சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரை கடலையொட்டி வீடோ ரிசார்ட்டோ உணவகமோ வைத்திருப்பவர்கள், கடற்கரைத் தெருவிளக்குகளைப் பராமரிக்கும் ஊராட்சிக்காரர்கள், ஆமை முட்டையிட்ட குழிகளைத் தேடி இரவில் கரையோரம் "ஆமை நடை" போகும் தன்னார்வலர்கள் ஆகியோருக்கானது இந்தக் குறிப்பு. ஆலிவ் ரிட்லி என்று சொல்லப்படும் பங்குனி ஆமை இந்தக் கரையில் பெரும்பாலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை முட்டையிடுகிறது. ஒரு குழியில் 100, 120 முட்டைகள் இருக்கும். 45 முதல் 60 நாளில் பொரியும். ஆகவே பிப்ரவரி நடுவிலிருந்து ஜூன் முடியும்வரை எந்த இரவிலும் மணலிலிருந்து குஞ்சுகள் மேலே வரலாம். விளக்கு வேலைகளை டிசம்பருக்குள் முடித்துவிடுவது நல்லது. வெளிச்சமான கரையைத் தாய் ஆமையும் தவிர்க்கும், பாதி தூரம் ஏறிவிட்டு முட்டையிடாமலே திரும்பியும் போகும்.

குஞ்சு எதைப் பார்த்துப் போகிறது

குழிக்குள் பொரிந்த குஞ்சுகள் சில நாட்கள் சேர்ந்து சேர்ந்து மேலேறி, மேல்மணலுக்குச் சற்றுக் கீழே வந்து நிற்கும். பகல் சூட்டில் அசையாது. மணல் குளிர்ந்ததும் மொத்தமாகக் கிளம்பும். அதனால்தான் வெளியேற்றம் பெரும்பாலும் இரவில் நடக்கிறது. வானம் மூடி மழை பெய்தால் பகலிலும் வருவதுண்டு.

வெளியே வந்த குஞ்சு தாழ்வான, வெளிச்சமான தொடுவானத்தைத் தேடுகிறது. உயரமான கருமையை விட்டு விலகுகிறது. அதன் கண் இடவலமாக மிக அகலமாகப் பார்க்கும். மேல்கீழாகவோ தொடுவானத்தையொட்டிய குறுகிய பட்டையைத்தான் கணக்கில் எடுக்கும். இயற்கையான கரையில் நட்சத்திர ஒளியும் நிலவொளியும் பட்டுக் கடல் பக்கம் வெளுத்திருக்கும். மணல்மேடும் செடிகொடியும் உள்ள நிலப்பக்கம் இருண்டிருக்கும். நிலப்பக்கத்தில் ஒரே ஒரு டியூப்லைட் எரிந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும்.

தடுமாற்றம் இரண்டு விதம். ஒன்று, நேராக விளக்கை நோக்கியே போவது. மற்றொன்று, எந்தப் பக்கமும் முடிவாகாமல் வட்டம் வட்டமாகச் சுற்றுவது. 15 முதல் 20 கிராம் எடையுள்ள குஞ்சு வயிற்றில் மிஞ்சியிருக்கும் மஞ்சள்கருவை நம்பித்தான் கரையைக் கடந்து, அலையைக் கடந்து, ஒரு நாளுக்கு மேல் நிற்காமல் நீந்தியாக வேண்டும். கரையிலேயே இரண்டு மணி நேரம் அலைந்துவிட்டால் அந்தச் சக்தியில் கணிசமான பங்கு தீர்ந்துவிடும். அதற்குள் நண்டும் எறும்பும் நாயும் பிடிக்காவிட்டால், விடிந்ததும் காகமும் வெயிலும் காத்திருக்கின்றன. சாலை பக்கத்தில் இருந்தால் டயரும் சேர்ந்துகொள்ளும். கடலில் இறங்கிவிட்ட குஞ்சைக்கூடப் பலமான கரைவிளக்கு திரும்ப இழுத்துவிடும்.

அமாவாசையை ஒட்டிய இரவுகளில்தான் பாதிப்பு மிக அதிகம். நிலா நன்றாகக் காய்ந்தால் செயற்கை வெளிச்சத்தின் இழுப்பு ஓரளவு தணியும்.

முதல் வேலை: கரையில் நின்று பார்ப்பது

வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. நிலவில்லாத இரவில் கரைக்குப் போங்கள். ஒரே இரவில் இரண்டு தடவை பார்ப்பது உத்தமம்: எல்லா விளக்கும் எரியும் 8 மணி வாக்கில் ஒன்று, யாரும் அணைக்காமல் விட்டவை தெரிய நள்ளிரவுக்குப் பின் ஒன்று. டார்ச்சும் போனும் இல்லாமல் 20 நிமிடமாவது இருந்தால்தான் கண் இருட்டுக்குப் பழகும்.

அலை ஏறும் கோட்டுக்கு மேலே, மணல் காய்ந்திருக்கும் பகுதியில் நடந்து, 50 அடிக்கு ஒருமுறை நில்லுங்கள். நின்றபடி பார்த்தால் போதாது. குப்புறப் படுத்துக் கன்னத்தை மணலோடு வைத்து ஒரு சுற்றுப் பாருங்கள். குஞ்சின் கண் மணலிலிருந்து இரண்டு மூன்று செண்டிமீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. சின்ன மணல்மேடு உங்களுக்கு மறைக்காத விளக்கை அதற்கு மறைத்துவிடலாம்; அந்த விளக்கில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். கண்ணில் படுவதை மூன்றாகப் பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

பல்பே நேராகத் தெரிகிறதா? இதுதான் மிக மோசம், சரிசெய்வதும் இதுதான் சுலபம்.

பல்பு தெரியாமல், அது அடிக்கும் சுவரோ காம்பவுண்டோ மரமோ பளிச்சென்று தெரிகிறதா? வெள்ளையடித்த சுவர் ஒரு பெரிய விளக்குப் பலகை போலத்தான் வேலை செய்யும். பலரும் இதைத் தவறவிடுகிறார்கள்.

கூரைகளுக்குப் பின்னால் வானமே வெளுத்திருக்கிறதா? இது ஊரின் மொத்த வெளிச்சம். ஒரு வீட்டுக்காரரால் இதை அணைக்க முடியாது. இடையில் கருமையான மறைப்பு நிறுத்த முடியும்.

உள்ளங்கையை மணலுக்கு மேலே நீட்டுங்கள். நிழல் விழுந்தால் அந்த இடம் குஞ்சுக்கு ஆபத்தான வெளிச்சத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். போட்டோ எடுப்பதானால் நைட் மோடை நம்பாதீர்கள். அது ஒவ்வொரு தடவையும் தன் இஷ்டத்துக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும், முன்பும் பின்பும் ஒப்பிட முடியாது. புரோ மோடில் ஐஎஸ்ஓ 800, 4 விநாடி என்று ஏதாவது ஒரு அளவை வைத்து, கடைசிவரை அதையே பயன்படுத்துங்கள்.

எந்த வரிசையில் சரிசெய்வது

அணைக்க முடிந்ததை அணைப்பது முதலில். அடுத்து, விளக்கைத் தாழ்த்துவது. அடுத்து, மூடி போட்டு மறைப்பது. நிறம் மாற்றுவது கடைசி. நடைமுறையில் பலர் நிறத்தில் ஆரம்பித்து அதோடு நிறுத்திவிடுகிறார்கள். பல்பு மட்டும் மஞ்சளாகி, அதே உயரத்தில், அதே பிரகாசத்தில், கடலைப் பார்த்தபடி எரிந்தால் பெரிய பலன் இல்லை.

அணைக்கக்கூடியவை நிறைய உண்டு. கட்டடத்தின் முகப்பை அழகுக்கு ஒளியேற்றும் ஃபோகஸ் லைட், தென்னைமரத்தில் சுற்றிய சீரியல் பல்பு, பெயர்ப்பலகை, ஆளில்லாத பால்கனி. சீசன் முடியும்வரை இவற்றின் சுவிட்சை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். கடற்கரைக் கல்யாணங்களுக்கு இடம் விடும் ரிசார்ட்கள் பிப்ரவரி நடு முதல் ஜூன் முடியும்வரை மணலில் ஃப்ளட் லைட்டும் பட்டாசும் கூடாது என்று பதிவு செய்யும்போதே எழுதி வாங்கிவிட வேண்டும். நிகழ்ச்சி நாளில் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். கேம்ப் ஃபயர் வேண்டவே வேண்டாம். குஞ்சுகள் நெருப்பை நோக்கி ஊர்ந்துபோய் அதற்குள்ளேயே விழும்.

பாதுகாப்புக்கு விளக்கு வேண்டிய இடத்தில் அசைவு சென்சார் வைக்கலாம். எரியும் நேரத்தை ஒரு நிமிடத்துக்குள் வையுங்கள். சென்சார் மணலைப் பார்த்திருந்தால் நாய் ஓடினாலும் செடி ஆடினாலும் எரிந்துகொண்டே இருக்கும். வாசலை மட்டும் பார்க்கும்படி திருப்புங்கள். டைமர் வைப்பவர்கள் இரவு 11 மணிக்கு அணைப்பதை வழக்கமாக வைத்திருக்கிறார்கள். தாய் ஆமைக்கு அது ஓரளவு உதவும். குஞ்சுகளோ இருட்டி மணல் குளிர்ந்த பின் எப்போது வேண்டுமானாலும் வரும். குஞ்சு பொரிக்கும் மாதங்களில் பொழுது சாய்ந்தது முதல் விடியும்வரை அணைந்திருக்க வேண்டும்.

நடைபாதைக்கு 4 மீட்டர் கம்பம் தேவையில்லை. முழங்கால் உயரத்தில், கீழ்நோக்கி மட்டும் வெளிச்சம் விழும் குட்டைத்தூண் விளக்கு போதும். விளக்கைக் கட்டடத்தின் கடல் பக்கச் சுவரில் மாட்டுவதைவிட நிலப்பக்கச் சுவரில் மாட்டுங்கள். கட்டடமே மறைப்பாகிவிடும்.

குழாய் மூடி செய்வது

கடைகளில் கிடைக்கும் அலங்கார மூடிகள் பலவும் பக்கவாட்டில் வெளிச்சத்தை ஒழுகவிடும். கடல் பக்க விளக்கை நிலப்பக்கம் மாற்ற வழியில்லை என்றால் பிளம்பிங் குழாயிலேயே நல்ல மூடி செய்துவிடலாம். தேவையானவை: 160 மிமீ பிவிசி குழாயில் 30 செமீ நீளத் துண்டு ஒன்று, அதற்கேற்ற மூடி, பல்பு ஹோல்டர், பளபளப்பில்லாத கறுப்பு பெயின்ட், சுவரில் பிடிக்க இரண்டு கிளாம்ப், எவர்சில்வர் திருகுகள். சாதாரணத் திருகு உப்புக்காற்றில் ஒரு சீசன்கூடத் தாங்குவது கஷ்டம்.

குழாயின் உட்புறம் முழுவதும் கறுப்பு அடியுங்கள். பளபளக்கும் பெயின்ட் அடித்தால் குழாயின் உட்சுவரே எதிரொளித்து, கீழ்விளிம்பு ஒரு ஒளிவளையமாகக் கடல் பக்கம் தெரியும். மெல்லிய வெள்ளைக் குழாய் என்றால் வெளியேயும் அடிக்க வேண்டும்; இல்லாவிட்டால் குழாயே மங்கலாக ஒளிரும். மேல் மூடியில் ஹோல்டரைப் பொருத்துங்கள். பல்பின் கீழ்முனைக்கும் குழாயின் வாய்க்கும் இடையே 15 செமீ இருக்க வேண்டும். இந்த ஆழம்தான் முக்கியம். 6 செமீ அகலப் பல்பு 15 செமீ உள்ளே இருந்து, குழாயின் வாய் தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் இருந்தால், வெளிச்சம் 2 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட ஆரத்துக்குள் அடங்கிவிடும். அதே பல்பு 5 செமீ மட்டும் உள்ளே இருந்தால் அந்த ஆரம் 6 மீட்டரைத் தாண்டி மணல்வரை போய்விடும்.

எல்இடி பல்புக்குச் சூடு ஆகாது. 5 வாட்டுக்கு மேல் போடாதீர்கள். ஹோல்டர் மட்டத்தில், நிலப்பக்கம் மட்டும், நாலைந்து சிறு துளைகள் போட்டுவிடுங்கள். குழாய் செங்குத்தாக நிற்க வேண்டும். கம்பியில் தொங்கவிட்டால் காற்றில் ஆடி, வெளிச்சமும் மணலில் ஆடும். மாட்டி முடித்ததும் மறுபடி கரைக்குப் போய்ப் படுத்துப் பாருங்கள். பல்பு தெரியக்கூடாது, தரையில் விழுந்த வட்டமும் பளிச்சென்று தெரியக்கூடாது. வெள்ளை டைல்ஸ் தரை என்றால் அதுவே எதிரொளிக்கும், கயிற்றுப் பாய் ஒன்றை விரித்துவிடுங்கள்.

நிறம்

குஞ்சின் கண்ணுக்குப் புறஊதா, நீலம், பச்சை ஒளிகள்தான் மிகுதியாக உறைக்கும். 560 நானோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீளமுள்ள ஒளி, அதாவது ஆம்பர் எனப்படும் ஆரஞ்சு கலந்த மஞ்சளும் சிவப்பும், குறைவாக இழுக்கும். சாதாரண வெள்ளை எல்இடியில் 450 நானோமீட்டர் பக்கம் நீலம் கூர்மையாக எழும்பி நிற்கிறது. வார்ம் ஒயிட் பல்பு நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிந்தாலும் உள்ளே நீலமும் பச்சையும் இருக்கின்றன. பழைய சோடியம் விளக்குகளைக் கழற்றி வெள்ளை எல்இடி மாட்டிய இடங்களில் மின்கட்டணம் குறைந்தது. குஞ்சுக்கு நிலைமை மோசமானது.

வாங்க வேண்டியது 590 நானோமீட்டர் பக்கம் ஒளிரும் ஆம்பர் எல்இடி. கடையில் ஆம்பர் கேட்டால் வார்ம் ஒயிட்டையோ மஞ்சள் கண்ணாடி போட்ட வெள்ளை எல்இடியையோ எடுத்துத் தருவார்கள். வீட்டில் கிடக்கும் பழைய சிடி ஒன்றைக் கொண்டுபோங்கள். பல்பை எரியவிட்டு அதன் பிம்பத்தைச் சிடியின் பளபளப்பான பக்கத்தில் சாய்த்துப் பாருங்கள். வானவில் முழுவதும் விரிந்தால் அது ஆம்பர் இல்லை. மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்பும் மட்டும் தெரிந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

வெள்ளைப் பல்பின் மேல் சிவப்பு செலோஃபன் தாள் சுற்றுவது ஓரிரவுக்கு டார்ச்சில் செய்யலாம். நிலையான விளக்கில் அது வெயிலில் வெளுத்துவிடும், பல்பின் சூட்டையும் அடைத்துவைக்கும். ஆம்பரோ சிவப்போ, பிரகாசமாக எரிந்தால் அதுவும் ஆபத்துதான்.

ஜன்னல், தெருவிளக்கு, குப்பம்

கடல் பார்த்த கண்ணாடிச் சுவர்களுக்கு, உள்ளிருக்கும் வெளிச்சத்தில் 45 விழுக்காட்டுக்கு மேல் வெளியே விடாத ஃபிலிம் ஒட்டலாம். ஃபிளாரிடாவின் கடற்கரை ஊர்கள் விளக்கு விதிகளில் இந்த அளவைத்தான் வைத்திருக்கின்றன. அதைவிட மலிவான வழி கனமான திரைச்சீலை. ரிசார்ட்டில் அறைச் சாவி கொடுக்கும்போதே, இருட்டியதும் திரையை இழுத்துவிடச் சொல்லி ஓர் அட்டை கொடுங்கள். படுக்கையை வெளிக்கூரை விளக்கின் சுவிட்சுக்கு அருகில் போட்டால் பாதிப் பேர் தாங்களாகவே அணைப்பார்கள்.

ஹைமாஸ் விளக்கு தனிக்கதை. அவ்வளவு உயரத்தில் இருக்கும் விளக்கை எந்தச் செடியும் மறைக்காது. சீசன் முழுக்க அணைக்கச் சொல்லி மாநகராட்சிக்கோ ஊராட்சிக்கோ மனு எழுதும்போது "விளக்குகளை அணைக்கவும்" என்று பொதுவாக எழுதாதீர்கள். கம்ப எண், எடுத்த தேதி நேரத்தோடு போட்டோ, அணைக்க வேண்டிய மாதங்கள், மணி, இவற்றை அட்டவணையாகக் கொடுத்து, நகலை வனத்துறை ரேஞ்சருக்கும் அனுப்புங்கள். முழுவதும் அணைக்க முடியாது என்று பதில் வந்தால், கடல் பக்கம் பார்த்த முகங்களை மட்டும் கழற்றச் சொல்லிக் கேளுங்கள்.

மீனவக் குப்பத்து விளக்குகளை இந்தப் பட்டியலில் கடைசியில் வைக்க வேண்டும். விடியலில் கட்டுமரமும் படகும் தள்ளுபவர்களுக்கு வெளிச்சம் வேலைக் கருவி. பெண்களுக்கு இரவுப் பாதுகாப்பு. ரிசார்ட்டின் அலங்கார விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது குப்பத்தாரை இருட்டில் உட்காரச் சொல்வது நியாயமும் இல்லை, பலிக்கவும் செய்யாது. அவர்களுக்கு ஆம்பர் பல்பும் மூடியும் வாங்கிக் கொடுத்து மாட்டிவிடுங்கள்.

மணல்மேட்டில் அடப்பங்கொடியையும் இராவணன் மீசைப் புல்லையும் வளரவிடுவது நல்ல மறைப்பு. மேடு நிற்கும், தாழ்ந்த விளக்குகள் மறையும். சவுக்குத் தோப்பு ஊர் வெளிச்சத்தை நன்றாகத் தடுக்கும். ஒடிசாவில் ருஷிகுல்யா கழிமுகத்தில் பங்குனி ஆமைகள் கூட்டமாக முட்டையிடும் கரையில் இதை ஆய்ந்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் அலைக்கோட்டை ஒட்டிச் சவுக்கு நட்டால் ஆமை குழிதோண்டும் மணலே போய்விடும், வேரும் சருகும் நிறைந்துவிடும். நடுவதானால் கரையிலிருந்து நன்றாகத் தள்ளி நடுங்கள்.

குஞ்சுகள் தடம் மாறிவிட்டால்

கடல் ஆமைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் உள்ளவை. முட்டையையோ குஞ்சையோ அனுமதியில்லாமல் கையாளக் கூடாது. வனத்துறை ரேஞ்ச் அலுவலக எண்ணையும், உங்கள் கரையில் நடை போகும் குழுவின் எண்ணையும் சீசனுக்கு முன்பே போனில் வைத்திருங்கள். சென்னையில் 1988 முதல் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்புக் குழு இந்த வேலையைச் செய்துவருகிறது. அவர்கள் எடுக்கும் முட்டைகள் பொரிப்பகத்தில் புதைக்கப்படுவதற்கு ஊர் வெளிச்சமும் ஒரு காரணம்.

முதலில் போன் செய்யுங்கள். அடுத்து, அந்த இடத்தைத் தடுமாறவைக்கும் விளக்கை அணையுங்கள். பல நேரம் இதுவே போதும். சுற்றிக்கொண்டிருந்த குஞ்சுகள் தாமாகவே திரும்பிவிடும். நாயை விரட்டுங்கள். காலை எடுத்துவைக்கும் முன் தரையைப் பாருங்கள். வனத்துறையோ குழுவோ எடுக்கச் சொன்னால்:

ஈரமணல் ஒரு விரல்கடை போட்ட வாளியை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீரில் போட்டால் குஞ்சு உடனே நீந்த ஆரம்பித்து, கடலுக்கு வைத்திருக்கும் சக்தியை வாளியிலேயே செலவழிக்கும். ஓட்டின் இரு பக்கமும் விரல் வைத்துத் தூக்குங்கள். ஈரத்துணியால் வாளியை மூடி இருட்டில் வையுங்கள். தடங்களைக் கடைசிவரை பின்தொடர்ந்து தேடுங்கள்: தெருவிளக்குக் கம்பத்தடி, மழைநீர் வடிகால், கவிழ்த்துவைத்த படகின் அடி, வலைக்குவியல், சாலையின் அந்தப் பக்கம்.

அதே இரவில், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், இருண்ட இடமாகப் பார்த்து, அலை தொடும் இடத்துக்குச் சில மீட்டர் முன்பே மணலில் விட வேண்டும். கையிலிருந்து கடலுக்குள் எறியக் கூடாது. கொஞ்சமாவது தானே ஊர்ந்து இறங்கட்டும். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் விட்டால் மீன்கள் அங்கேயே காத்திருக்கப் பழகும், இடத்தை மாற்றுங்கள். ஊர் வெளிச்சம் பலமாக உள்ள கரையில் பொரிப்பக ஆட்கள் அலையோரம் டார்ச் பிடித்து வழிகாட்டுவதுண்டு. கடைசிக் குஞ்சு தண்ணீரில் இறங்கியதும் அதை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நீந்தத் தொடங்கியவை அந்த ஒளியைச் சுற்றியே நிற்கும். போட்டோ, ஃபிளாஷ், செல்போன் திரை எதுவும் வேண்டாம். பகலில் சோர்ந்துகிடக்கும் குஞ்சைக் கண்டால் நிழலில் ஈரமணலில் வைத்து, வனத்துறை வரும்வரை எறும்பு அண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை பலித்ததா என்று பார்ப்பது

காற்றும் வாக்கிங் போகிறவர்களும் தடத்தை அழிக்குமுன், காலை 6 மணிக்குள் கரைக்குப் போங்கள். குஞ்சுகள் வந்த இடத்தில் மணல் ஒரு கிண்ணம் போலக் குழிந்திருக்கும். அங்கே நின்று போன் காம்பஸில் மூன்று திசைகளைக் குறியுங்கள்: கடலுக்கு நேர்வழி, இடக்கோடித் தடம், வலக்கோடித் தடம். இரண்டு கோடிகளுக்கும் இடையேயான கோணம், குஞ்சுகள் எவ்வளவு சிதறின என்று சொல்லும். அந்த விரிவின் நடுக்கோடு கடல்திசையிலிருந்து எத்தனை டிகிரி விலகியிருக்கிறது என்பது, எந்தப் பக்கம் இழுக்கப்பட்டன என்று சொல்லும். விலகிய பக்கத்தில் நிமிர்ந்து பார்த்தால் பெரும்பாலும் குற்றவாளி விளக்கு கண்ணில் படும். தேதியோடு நிலாவின் நிலையையும் எழுதிவையுங்கள். பௌர்ணமி இரவின் நேரான தடங்களை வைத்துக்கொண்டு விளக்கு சரியாகிவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது.

ஜூன் முடிந்ததும் மூடிகளைக் கழற்ற வேண்டாம். கழற்றினால் மறுபடி மாட்டுவதற்குள் ஜனவரி வந்துவிடும். டிசம்பரில் ஒருநாள் ஏணி வைத்து ஏறி, கிளாம்ப் துருப்பிடித்திருக்கிறதா, குழாய் கடல் பக்கம் சாய்ந்திருக்கிறதா, உள்ளே கறுப்பு பெயின்ட் உரிந்திருக்கிறதா, வீட்டில் யாராவது ஆம்பரைக் கழற்றி வெள்ளைப் பல்பு போட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள். இந்தக் கடைசிதான் அடிக்கடி நடக்கும். ஒவ்வொரு விளக்குக்கும் ஓர் உபரி ஆம்பர் பல்பை வாங்கி, மீட்டர் பெட்டிக்குப் பக்கத்திலேயே பெயர் எழுதி வையுங்கள்.